38-ம் 44-ம் சேர்ந்தால் அரியர்

தேர்வு முடிவுகள் வந்த மறுநாள் ஒரு மாணவன் என் மேசை முன்னால் வந்து நின்றான். கல்லூரியே போடும் இன்டர்னல் மதிப்பெண்ணில் 40-க்கு 38. வகுப்பிலேயே அவனுக்கு மேல் யாரும் இல்லை. ஆனாலும் அந்தப் பாடத்தில் தேர்ச்சி இல்லை, அரியர். விடைத்தாள் நகல் வாங்கிப் பார்த்தோம். தேர்வில் 100-க்கு 44.

"மேடம், 44-ஐ 60-க்கு மாற்றினால் 26.4. அதோடு 38. மொத்தம் 64-க்கு மேல் வருகிறது. பாஸுக்கு 50 தானே?"

கூட்டலில் பிழையே இல்லை. அண்ணா பல்கலைக்கழகத்தின் இணைப்புக் கல்லூரிகளில், 2021 ரெகுலேஷன் என்கிற தேர்வு விதிகளின்படி, தேர்ச்சிக்கு இரண்டு நிபந்தனைகள். மொத்தத்தில் 50 வேண்டும். செமஸ்டர் தேர்வில் தனியாக 45 சதவீதம் வேண்டும். அவன் முதல் நிபந்தனையை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டிருக்கிறான். இன்னும் 12 வந்தால் போதும், அதாவது தேர்வில் 20 எடுத்தால் போதும் என்று முடிவு கட்டி, ஸ்டடி லீவ் முழுவதையும் மற்றப் பாடங்களுக்குக் கொடுத்துவிட்டான். ஒரு மதிப்பெண்ணில் போயிற்று.

பதினைந்து ஆண்டுகளாக வகுப்பு ஆலோசகராக இருக்கிறேன். நன்றாகப் படிக்காமல் மதிப்பெண் இழப்பவர்களைப் பற்றிப் புதிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை. படித்தும், எந்த மதிப்பெண்ணுக்கு எவ்வளவு எடை என்று தெரியாமல் இழப்பவர்கள்தான் என்னைத் தூங்கவிடாதவர்கள். இத்தனைக்கும் இவர்கள் பொறியியல் மாணவர்கள். லாப்லாஸ் உருமாற்றம் போடுகிறவர்களுக்கு எடையிட்ட சராசரி வராதா என்ன? வரும். ஆனால் தேர்வு முடிவு வந்த பிறகுதான் கணக்கைத் தொடங்குகிறார்கள்.

முதலில் இன்டர்னல். 2017 ரெகுலேஷனில் எழுத்துப் பாடங்களுக்கு இன்டர்னல் 20, தேர்வு 80 என்று இருந்தது. 2021-இல் அது 40, 60 ஆனது. ஆய்வகப் பாடங்களில் தலைகீழ்: இன்டர்னல் 60, தேர்வு 40. எழுத்தும் ஆய்வகமும் சேர்ந்த பாடங்களில் பாதிக்குப் பாதி. அண்ணன் அக்கா சொன்னார்கள் என்று இன்டர்னலை அலட்சியம் செய்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அவர்கள் எழுதிய காலத்து விகிதமே வேறு.

அந்த 40 வரும் வழியையும் பலர் பார்ப்பதில்லை. எழுத்துப் பாடத்துக்கு இரண்டு மதிப்பீடுகள், ஒவ்வொன்றும் 100 மதிப்பெண். அதில் எழுத்துத் தேர்வு 60. அசைன்மென்ட், கருத்தரங்கு, சிறு செயல்திட்டம் போன்றவற்றுக்கு 40. இரண்டும் சேர்ந்த 200-ஐ 40-ஆகச் சுருக்குகிறோம். அப்படியானால் அந்த 40-இல் 16, தேர்வறைக்கே போகாமல் வருவது. அசைன்மென்ட்டைத் தாமதமாகக் கொடுத்துப் பத்து மதிப்பெண் விட்டால் முடிவில் இரண்டு குறையும். இரண்டுதானே என்பார்கள். அந்த இரண்டைச் செமஸ்டர் தேர்வில் ஈடுகட்ட மூன்று மதிப்பெண்ணுக்கும் மேல் கூடுதலாக எடுக்க வேண்டும். மூன்று மணி நேரம் கை வலிக்க எழுதும் இடத்தில் மூன்று மதிப்பெண் என்பது சின்ன விஷயம் இல்லை.

அடுத்தது கிரேடு. மொத்தம் 91 முதல் 100 வரை ஓ, பத்துப் புள்ளி. 81 முதல் ஏ பிளஸ், ஒன்பது. 71 முதல் ஏ, எட்டு. 61 முதல் பி பிளஸ், ஏழு. 56 முதல் 60 வரை பி, ஆறு. 50 முதல் 55 வரை சி, ஐந்து. சிஜிபிஏ-வுக்குள், அதாவது எல்லாச் செமஸ்டர்களையும் சேர்த்த சராசரிக்குள், போவது இந்தப் புள்ளிதான். உங்கள் மதிப்பெண் அந்த வாசலிலேயே நின்றுவிடுகிறது. 81 எடுத்தவரும் 90 எடுத்தவரும் அங்கே ஒன்றுதான். 60-க்கும் 61-க்கும் நடுவிலோ ஒரு முழுப் படி.

இது எப்படி வேலை செய்கிறது என்பதற்கு ஒரு மாணவியின் கதை. கணினி அறிவியல், மூன்றாம் செமஸ்டர், மொத்தம் 23 கிரெடிட் (சராசரியில் ஒரு பாடத்துக்கு உள்ள எடைதான் கிரெடிட்). டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ் அவளுக்கு உயிர். மூன்று கிரெடிட் பாடம், இன்டர்னல் 36. டிஸ்கிரீட் மேத்ஸ் என்றால் முகம் வாடிவிடும். நான்கு கிரெடிட், இன்டர்னல் 27. ஸ்டடி லீவில் எதைப் படிக்கிறாய் என்று கேட்டேன். பிடித்ததைத்தான் படிக்கிறாள். யார்தான் அப்படி இல்லை?

இரண்டு பேரும் உட்கார்ந்து ஒரு தாளில் எழுதினோம். டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ் தேர்வில் 80 எடுத்தால் 48, இன்டர்னலோடு 84. உயிரைக் கொடுத்துப் படித்து 90 எடுத்தால் 54, மொத்தம் சரியாக 90. இரண்டுக்கும் ஏ பிளஸ். பத்து மதிப்பெண் உழைப்பு சிஜிபிஏ-வில் ஒரு துளிகூடத் தெரியாது. ஓ வேண்டுமென்றால் 92 எடுக்க வேண்டும். டிஸ்கிரீட் மேத்ஸில் 55 வரும் என்று நினைத்திருந்தாள். அது 33, மொத்தம் 60, பி. 57 எடுத்தால் 34.2, மொத்தம் 61-ஐத் தாண்டிவிடும், பி பிளஸ். ஒரே ஒரு இரண்டு மார்க் கேள்விதான் வித்தியாசம்! நான்கு கிரெடிட் பாடம் என்பதால் அந்தப் படிக்கு நான்கு புள்ளி. 23-ஆல் வகுத்தால் அந்தச் செமஸ்டர் ஜிபிஏ-வில் 0.17 ஏறும்.

அவள் 57-ஐக் குறி வைக்கட்டும் என்று நான் சொல்லவில்லை. திருத்துபவரின் கையில் இரண்டு மூன்று மதிப்பெண் ஆடும். 65-ஐக் குறி வைத்தால் 57-க்குக் கீழே போகாமல் இருக்கலாம். தாள் நமக்குச் சொன்னது அடுத்த நான்கு நாட்களை எந்தப் புத்தகத்தோடு கழிப்பது என்பதை மட்டும்தான்.

செமஸ்டர்களைச் சேர்க்கும்போது இன்னொரு சறுக்கல். 18 கிரெடிட் செமஸ்டரில் 8.4, 26 கிரெடிட் செமஸ்டரில் 6.6. கூட்டி இரண்டால் வகுத்து 7.5 என்று ரெஸ்யூமில் போட்டுவிடுகிறார்கள். ஒவ்வொன்றையும் அதனதன் கிரெடிட்டால் பெருக்கிக் கூட்டி, 44-ஆல் வகுத்தால் 7.34 தான். நேர்முகத்தில் சான்றிதழோடு ஒப்பிடும்போது, பிழை என்று யாரும் சொல்ல மாட்டார்கள், பொய் என்பார்கள்.

அரியர் வைத்திருப்பவர்களுக்கு இதில் ஒரு விசித்திரம் காத்திருக்கிறது. தேர்ச்சி பெறாத பாடம் சிஜிபிஏ கணக்கில் சேராது. 60 கிரெடிட்டில் 7.8 வைத்திருக்கும் ஒருவர் நான்கு கிரெடிட் பாடங்கள் இரண்டை சி கிரேடில் முடித்தால் சிஜிபிஏ 7.47-ஆக இறங்கும். அரியரை முடித்த மகிழ்ச்சியோடு வந்து, "மேடம், ஏதோ தவறு நடந்திருக்கிறது" என்று ஆண்டுக்கு இரண்டு பேராவது சொல்கிறார்கள். தவறு இல்லை. முன்னால் இருந்த 7.8 பாதிக் கணக்கு. அதற்காக அரியரை விட்டுவைக்காதீர்கள், பட்டம் வேண்டுமே.

ஆறாம் செமஸ்டரில் வரும் கேள்வி வேறு: "இனி எவ்வளவு ஏற்ற முடியும்?" 112 கிரெடிட் முடிந்து 6.8-இல் நிற்பவருக்கு, மொத்தம் 164 கிரெடிட் என்றால், மீதி 52. முடிவில் 7.0 வேண்டுமானால் அந்த 52-இல் சராசரியாக 7.43 எடுக்க வேண்டும். முயன்றால் கைக்கு எட்டும். 7.5 வேண்டுமானால் 9.01. எட்டாது என்று முகத்துக்கு நேரே சொல்ல எனக்கே சங்கடம், ஆனாலும் சொல்கிறேன். முதல் ஆண்டு மாணவர்களிடம் இதே கணக்கைத் திருப்பிப் போட்டுக் காட்டுகிறேன். அவர்கள் கையில் இன்னும் எல்லாக் கிரெடிட்டும் இருக்கிறது, கேட்கத்தான் ஆள் இல்லை.

மறுமதிப்பீட்டுக்குப் பணம் கட்டலாமா என்பதற்கும் இதே கணக்குதான். முடிவில் கிரேடு எழுத்து மட்டும் வரும். நகல் வாங்கி, இன்டர்னலோடு சேர்த்துப் பாருங்கள். அடுத்த படிக்கு இரண்டு மூன்று மதிப்பெண் தூரமென்றால், விடப்பட்ட விடை ஏதாவது இருக்கிறதா என்று பாட ஆசிரியரிடம் காட்டுங்கள். பன்னிரண்டு தூரமென்றால் அந்தப் பணத்தில் அம்மாவுக்கு ஏதாவது வாங்கிக் கொடுங்கள்.

தன்னாட்சிக் கல்லூரிகளிலும், பின்னால் வந்த ரெகுலேஷனில் சேர்ந்தவர்களுக்கும் எண்கள் மாறலாம். கல்லூரி இணையதளத்தில் அந்த ஆவணம் இருக்கும். தேர்ச்சி, கிரேடு என்ற இரண்டு பகுதிகளை மட்டுமாவது படித்துவிடுங்கள்.

செமஸ்டர் தேர்வுக்கு முன் இன்டர்னல் பட்டியலில் கையெழுத்து வாங்குகிறோம் அல்லவா, அப்போது பெரும்பாலோர் தங்கள் பெயருக்கு நேரே இருக்கும் எண்ணைக்கூடப் பார்ப்பதில்லை. இப்போதெல்லாம் நான் பேனாவைக் கொடுப்பதற்கு முன், ஒவ்வொரு பாடத்துக்கும் இரண்டு எண்களை நோட்டில் எழுதச் சொல்கிறேன்: பாஸுக்கு எவ்வளவு, அடுத்த கிரேடுக்கு எவ்வளவு. முதல் எண் 45-க்குக் கீழே வந்தால் அடித்துவிட்டு 45 என்று போட வேண்டும். 38 வாங்கிய அந்த மாணவன் மறுபடி தேர்வுக்குப் போகும் முன் அந்த 45-ஐச் சிவப்பு மையில் பெரிதாக எழுதிக் காட்டினான். நன்றாக இருக்கிறது, ஹால் டிக்கெட்டில் மட்டும் எழுதிவிடாதே, பறக்கும் படை பிடித்துக்கொள்ளும் என்று சொல்லி அனுப்பினேன்.