0.95 என்று போட்டிருந்தால் வாங்கிவிடலாமா?

பாளையங்கோட்டைப் பக்கம் மண்டபம் கட்டுகிறவர்கள், உள்ளே முழக்கத்தைக் குறைக்க சுவரில் மாட்டும் ஒலி உறிஞ்சும் ஷீட்டைக் காட்டி என்னிடம் கேட்பது பெரும்பாலும் இதுதான்: "அண்ணாச்சி, இந்த ஷீட்டு 0.95ன்னு போட்டிருக்கு, நல்லதுதானே?" எந்த அதிர்வெண்ணில் (எத்தனை ஹெர்ட்ஸில்) 0.95, எதில் வைத்து அளந்தது என்று கேட்டால் விற்றவரே முழிக்கிறார்.

அது ஒலி உறிஞ்சல் குணகம். விழுந்த ஒலி முழுக்கத் திரும்பினால் 0, முழுக்க உறிஞ்சப்பட்டால் 1. (உள்ளே முழக்கத்தைக் குறைக்கும் ஷீட், பக்கத்து வீட்டுக்குச் சத்தம் போவதைத் தடுக்காது. அதற்கு கனமான சுவர் வேண்டும்.)

அளப்பதற்கு இம்பீடன்ஸ் டியூப் போதும். ஒரு முனையில் ஸ்பீக்கர், மறுமுனையில் சாம்பிள், நடுவே இரண்டு மைக். முறை ஐ.எஸ்.ஓ. 10534-2 என்ற சர்வதேசத் தரவிதியில் இருக்கிறது. நல்ல லேத் பட்டறையில் குழாயைக் கடைந்து வாங்கலாம், பி.வி.சி. பைப் வேண்டாம், அதன் சுவரே அதிரும். உள்விட்டம் 100 மி.மீ. என்றால் ஏறக்குறைய 1,990 ஹெர்ட்ஸ் வரைதான் நம்பலாம். அதற்கு மேல் அலை குழாய்க்குள் நேராகப் போகாது. பேச்சின் மெய்யெழுத்துகள் தெளிவது அதற்கும் மேலேதான் என்பதால் 30 மி.மீ. குழாயும் ஒன்று தேவை.

இரண்டு மைக்கையும் இடம் மாற்றி அளந்து, அவற்றுக்குள் இருக்கும் வித்தியாசத்தைக் கழித்துவிட வேண்டும். சாம்பிள் இல்லாமல் இரும்புத் தகட்டால் மூடி அளந்தால் விடை 0-வை ஒட்டி வரவேண்டும். வராவிட்டால் எங்கோ காற்று கசிகிறது. வெப்பநிலையையும் பார்த்துப் பதியுங்கள். நம்மூர் சித்திரை வெயிலில் அறை 38 டிகிரி இருக்க, கணக்குப் போடும் மென்பொருளில் 20 என்றே விட்டால் ஒலிவேகம் 3 சதவீதம் பிசகும்.

ஆனால் எண் கெட்டுப்போவது பெரும்பாலும் சாம்பிள் வெட்டும் இடத்தில்தான். தென்னைநார்ப் பலகையைக் கத்தியால் வெட்டினால் ஓரம் பிய்ந்து, குழாய்க்கும் அதற்கும் நடுவே மெல்லிய இடுக்கு விழும். அந்த இடுக்கும் ஒலியை விழுங்கும். பொருளுக்கு இல்லாத பெருமை வந்துவிடும். பெரிதாக வெட்டித் திணித்தாலோ நடு உப்பி, பின்னால் காற்று தங்கும். அதுவும் எண்ணை ஏற்றிவிடும். கூரான வட்டக் கட்டரால் வெட்டி, ஓரத்தில் வாஸ்லின் தடவிச் செருகுவேன். மூன்று துண்டாவது அளந்து, வரைபடத்தில் மூன்று கோடும் ஒட்டி வந்தால்தான் ரிப்போர்ட்.

பின்னால் உள்ள இடைவெளி என்ன செய்யும் என்று பார்க்க பத்தமடைக் கோரைப்பாயை எடுத்துக்கொள்ளலாம். சுவரோடு ஒட்டினால் அத்தனை மெலிசான பாய் பெரிதாக எதையும் உறிஞ்சாது. 10 செ.மீ. தள்ளி மாட்டினால் 850 ஹெர்ட்ஸ் பக்கம் வேலை செய்யத் தொடங்கும். அந்த ஒலியின் அலைநீளத்தில் கால்வாசிதான் அந்த இடைவெளி. பொருள் ஒன்று, எண் இரண்டு.

குழாயில் ஒலி நேரே மோதுகிறது. மண்டபத்தில் எல்லாத் திசையிலிருந்தும் வரும். அதை ஐ.எஸ்.ஓ. 354 சொல்லும் முழக்க அறையில் (ஒலி சுவருக்குச் சுவர் மோதி நெடுநேரம் முழங்கும் வெற்று அறை), 10 முதல் 12 ச.மீ. பொருளைத் தரையில் விரித்து அளப்பார்கள். அதில் 1.05 என்று வந்தால் மோசடி என்று சண்டைக்குப் போகவேண்டாம். ஓரங்களும் சேர்ந்து உறிஞ்சுவதால் வருவது அது.

விற்பவரிடம் ஒற்றை எண்ணை வாங்காதீர்கள். 125 முதல் 4,000 ஹெர்ட்ஸ் வரை முழு வரைபடத்தையும், எப்படி மாட்டி அளந்தார்கள் என்பதையும் கேளுங்கள். முதலில் 125-ஐப் பாருங்கள். சுவரோடு ஒட்டிய 25 மி.மீ. ஷீட்டுக்கு அங்கே பெரும்பாலும் சொற்ப எண்தான் இருக்கும். தவிலின் தொப்பிப் பக்கம் முழங்குவது அந்தக் கீழ்க்கட்டையில்தான்.