சான்றிதழை விடுங்கள், ரிப்போர்ட்டைக் கேளுங்கள்

"டிஜிட்டல் மார்க்கெட்டிங் எங்க படிச்சீங்க?" என்று கடைக்காரர்கள் கேட்பார்கள். எங்கும் படிக்கவில்லை. பி.காம் முடித்துவிட்டு, கூகுள் ஸ்கில்ஷாப்பிலும் மெட்டா புளூபிரிண்ட்டிலும் இலவசமாகக் கிடைக்கிற பாடங்களைப் பார்த்து, தெரிந்தவர்களின் கடைகளுக்கு விளம்பரம் போட்டுப் போட்டே கற்றுக்கொண்டேன். சான்றிதழும் இருக்கிறது. கூகுளில் விளம்பரம் போடும் சேவையான கூகுள் ஆட்ஸின் தேர்வை வீட்டிலிருந்தே எழுதலாம். 80 சதவீதம் எடுத்தால் தேர்ச்சி, ஓராண்டில் காலாவதி. அதனால், உங்கள் விளம்பரத்தைப் பார்த்துக்கொள்கிறேன் என்று சான்றிதழை நீட்டுகிறவரிடம் (நான் உட்பட) இன்னொன்றையும் கேளுங்கள்: சர்ச் டேர்ம்ஸ் ரிப்போர்ட்.

மக்கள் கூகுளில் என்ன தட்டியபோது உங்கள் விளம்பரம் வந்தது, அதில் எதற்கு எவ்வளவு செலவானது என்று காட்டும் பட்டியல் அது. மிகக் குறைவாகத் தேடப்படும் சொற்களை கூகுள் மறைத்துவிடும். மிச்சம் இருப்பதே போதும், கணக்கு எந்த லட்சணத்தில் நடக்கிறது என்று தெரிந்துவிடும்.

கோவையில் பம்ப்செட் மோட்டாருக்குக் காயில் கட்டும் பட்டறை ஒன்று இருக்கிறது என்று வையுங்கள். எந்தத் தேடலுக்கு விளம்பரம் வர வேண்டும் என்று நாம் கொடுக்கும் சொல்தான் கீவேர்ட். 'மோட்டார் சர்வீஸ்' என்ற கீவேர்டை பிராட் மேட்சில், அதாவது தொடர்புள்ள தேடல்களுக்கெல்லாம் வரட்டும் என்று, போட்டால் (நாம் மாற்றாவிட்டால் கூகுள் அப்படித்தான் எடுத்துக்கொள்ளும்) பைக் சர்வீஸ் தேடுகிறவர், ரீவைண்டிங் கோர்ஸ் தேடும் ஐடிஐ பையன், மெக்கானிக் வேலை தேடுகிறவர் எல்லோருக்கும் விளம்பரம் போகும். அவர்கள் தொடும் ஒவ்வொரு கிளிக்குக்கும் பட்டறைக்காரர்தான் காசு கட்டுகிறார். "கிளிக் நிறைய வருது, போன்தான் வரமாட்டேங்குது" என்று வருகிறவர்களின் கணக்கைத் திறந்தால் பெரும்பாலும் இந்தக் கதைதான்.

பைக், கோர்ஸ், வேலை, சம்பளம் போன்ற சொற்களை நெகட்டிவ் கீவேர்டாக, அதாவது விளம்பரம் வரக்கூடாத சொற்களாக, சேர்க்க வேண்டும். பைக்கைத் தடுத்தால் ஸ்கூட்டர் தானாகத் தடைபடாது, அதைத் தனியாகப் போட வேண்டும். நம் ஆட்கள் தமிழை ஆங்கில எழுத்தில் தட்டுவார்கள், அதிலும் ஆளுக்கொரு ஸ்பெல்லிங். எந்தப் பாடத்திலும் இது இருக்காது. வாராவாரம் அந்தப் பட்டியலோடு உட்கார்ந்தால்தான் பிடிபடும். என் தொழிலில் பாதி இந்த வேலைதான். பார்க்க ஒன்றும் பிரமாதமாக இருக்காது.

ஊர் விஷயத்திலும் இப்படித்தான். கோவை என்று தேர்ந்தெடுத்தாலே போதாது. செட்டிங்கை மாற்றாமல் விட்டால், கோவையில் இருப்பவர்களோடு கோவையில் ஆர்வம் காட்டும் வெளியூர்க்காரர்களுக்கும் விளம்பரம் போகும். டெல்லியில் இருப்பவர் கோவைப் பட்டறைக்கு மோட்டாரைத் தூக்கிக்கொண்டு வரப்போவதில்லை.

செலவுக் கணக்கு: தினம் 500 ரூபாய் என்று வைத்தால், ஒரு நாளில் 1,000 வரை போகலாம். பயப்பட வேண்டாம், மாதத்துக்கு 30.4 நாள் கணக்கில் 15,200-ஐத் தாண்டாது. அதற்கு மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி. இதை முதல் நாளே சொல்லாதவரிடம் கொஞ்சம் உஷாராக இருங்கள். "கூகுள்ல முதல் இடம் கேரண்டி" என்பவரிடம் பேசவே வேண்டாம். அப்படி யாராலும் உறுதி தர முடியாது என்று கூகுளே எழுதி வைத்திருக்கிறது.

சரி, ரிப்போர்ட் கேட்டால் "அது எங்க கணக்குல இருக்கு, மாசக் கடைசியில பிடிஎஃப் அனுப்புறோம்" என்று பதில் வந்தால்? சிக்கலே அங்கேதான். கணக்கு அவர் பேரில் இருந்தால், அவர் விலகும் நாளில் நீங்கள் காசு கொடுத்துச் சேர்த்த தரவும் நெகட்டிவ் பட்டியலும் அவரோடு போய்விடும். கூகுள் தேடலிலும் மேப்பிலும் உங்கள் கடையைக் காட்டும் கூகுள் பிசினஸ் புரொஃபைல் அவருடைய மெயிலில் இருந்தால் இன்னும் மோசம். ரிவ்யூக்களும் போன் நம்பரும் அவர் கையில்.

கூகுள் ஆட்ஸ் கணக்கை உங்கள் மெயிலில், உங்கள் கார்டில் திறங்கள். வேலை செய்பவர் தன் மேனேஜர் கணக்கிலிருந்து (பலருடைய விளம்பரக் கணக்குகளை ஒரே இடத்தில் கவனிக்கும் கணக்கு) அதை இணைத்துக்கொள்ளலாம். பிசினஸ் புரொஃபைலில் ஓனர் நீங்கள், அவர் மேனேஜர். ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராமுக்கு பாஸ்வேர்டு தர வேண்டியதே இல்லை, பார்ட்னர் அனுமதி போதும். வெப்சைட் டொமைனும் உங்கள் பேரில்தான் பதிவாக வேண்டும். நான் புதிதாக ஒரு வேலையை எடுத்தால் முதல் நாள் முழுக்க இதற்கே போகும்; விளம்பரம் மறுநாள்தான். நாளை என்னை வேண்டாம் என்று முடிவு செய்தால் அனுமதிப் பக்கத்தில் என் பெயரை நீக்கினால் போதும். மற்றதெல்லாம் அப்படியே உங்களிடம் இருக்கும்.