யாருடைய ஐடி என்று டேட்டாபேஸுக்கே தெரியாதபோது

அன்று காலையில் வந்த புகார் இது. புதிதாகப் போட்ட இன்வாய்ஸ், அதில் இன்னும் யாரும் எந்த ஃபைலையும் சேர்க்கவில்லை, ஆனால் திறந்து பார்த்தால் வேறொரு வாடிக்கையாளரின் பிடிஎஃப் உள்ளே இருக்கிறது. அரை நாள் நிரலைக் குடைந்தேன். ஒன்றும் சிக்கவில்லை.

எங்கள் அமைப்பில் ஃபைல் இணைப்புகளுக்கு ஒரே டேபிள்தான். இன்வாய்ஸ், டிக்கெட், பயனர் என்று எதோடு வேண்டுமானாலும் சேர்க்கலாம் என்பதால் ஒரு ஃபீல்டில் கிளாஸ் பெயர் (நிரலில் அந்த வகைக்கு வைத்த பெயர்), இன்னொன்றில் ஐடி. பாலிமார்ஃபிக் அசோசியேஷன் என்பது இதுதான். ரெயில்ஸ், லாராவெல் போன்ற வெப் ஃபிரேம்வொர்க்குகளில் ஓரிரு வரியில் முடிந்துவிடும், ஜாங்கோவில் ஜெனரிக் ஃபாரின் கீ. பெயரில்தான் ஃபாரின் கீ! உண்மையான ஃபாரின் கீ, அதாவது இன்னொரு டேபிளின் பதிவைச் சுட்டி, அது இருக்கிறதா என்று டேட்டாபேஸே சரிபார்க்கும் ஃபீல்டு, ஒரு டேபிளைத்தான் சுட்டும். ஒரு பதிவில் இன்வாய்ஸையும் அடுத்ததில் டிக்கெட்டையும் குறிக்கிற ஐடி டேட்டாபேஸைப் பொறுத்தவரை வெறும் எண்.

நடந்தது இதுதான். யாரோ கடைசியாகப் போட்ட ஒரு இன்வாய்ஸை நேரடியாக எஸ்க்யூஎல்லில் அழித்திருக்கிறார். நிரலில் அந்த டேபிளுக்கான கிளாஸான மாடல் வழியாகப் போகாததால், இணைப்பையும் சேர்த்து அழிக்கத் தானாக ஓடும் கால்பேக் ஓடவில்லை, அந்தப் பதிவு அநாதையாக நின்றுவிட்டது. நாங்கள் வைத்திருந்த டேட்டாபேஸ் மைஎஸ்க்யூஎல் 5.7. அதில் தரவைச் சேமிக்கும் எஞ்சினான இன்னோடிபி, அடுத்த ஆட்டோ இன்கிரிமென்ட் எண்ணை (புதுப் பதிவுக்குத் தானாகக் கிடைக்கும் ஐடி) நினைவகத்தில் மட்டும்தான் வைத்திருக்கும். சர்வரை ரீஸ்டார்ட் செய்தால், டேபிளில் இருக்கிற பெரிய எண்ணோடு ஒன்றைக் கூட்டி அங்கிருந்து தொடங்கும். இரவில் ரீஸ்டார்ட் ஆனது, அழிந்த ஐடி காலையில் புது இன்வாய்ஸுக்குக் கிடைத்தது, கூடவே பழைய பிடிஎஃப்பும் வந்து ஒட்டிக்கொண்டது. 8.0-இல் இந்த எண் வட்டிலேயே சேமிக்கப்படுகிறது. சரி, ஆனால் அநாதைப் பதிவு அங்கேயும் அநாதைப் பதிவுதான்.

கிளாஸ் பெயர் இன்னொரு தலைவலி. லாராவெல் 8-இல் மாடல்களுக்குத் தனி ஃபோல்டர் வந்தபோது, பழைய மாடல்களையும் அங்கே நகர்த்தியவர்களின் டேபிளில் பழைய நேம்ஸ்பேஸ் (கிளாஸ் பெயரின் முன்னால் வரும் பாதை) அப்படியே எழுதப்பட்டிருக்கும். மார்ஃப் மேப் (சின்னப் பெயரை கிளாஸோடு பொருத்தும் பட்டியல்) போட்டு 'இன்வாய்ஸ்' என்று சின்னப் பெயரைச் சேமித்திருந்தால் தப்பிக்கலாம். நான் முதல் நாளே போட்டுவிடுவேன்.

இப்போதெல்லாம் நாலைந்து வகைதான் என்றால் நான் பாலிமார்ஃபிக் பக்கமே போவதில்லை. இன்வாய்ஸ் ஐடி, டிக்கெட் ஐடி என்று வகைக்கு ஒரு ஃபீல்டு, எல்லாமே நல் (காலி) ஆகலாம், ஒவ்வொன்றுக்கும் உண்மையான ஃபாரின் கீ, அப்புறம் சரியாக ஒன்றுதான் நிரம்பியிருக்க வேண்டும் என்று ஒரு செக் கன்ஸ்ட்ரெயின்ட். பார்க்க அசிங்கமாகத்தான் இருக்கும், புது வகை வந்தால் மைக்ரேஷனும் (டேபிளின் அமைப்பை மாற்றும் நிரல்) எழுத வேண்டும், இருக்கட்டும். மைஎஸ்க்யூஎல்லில் செய்பவர்கள் பதிப்பைப் பாருங்கள்: 8.0.16-க்கு முன்பு அது செக்கை வாங்கிக்கொண்டு சத்தமில்லாமல் விட்டுவிடும்.

ஆடிட் லாக்குக்கு (யார் எதை எப்போது மாற்றினார் என்ற பதிவேடு) மட்டும் இன்னும் பாலிமார்ஃபிக்தான் வைத்திருக்கிறேன். அழிந்த பொருளின் வரலாறு அங்கே தங்கத்தான் வேண்டும்.

ஏற்கெனவே வைத்திருப்பவர்கள் ஒவ்வொரு வகைக்கும் ஒரு லெஃப்ட் ஜாயின் (ஜோடி கிடைக்காத பதிவையும் காட்டும் எஸ்க்யூஎல் வினவல்) போட்டு, எதிர்ப்பக்கம் நல் வருகிற பதிவுகளை எண்ணிப் பாருங்கள். எங்களிடம் எண்ணியபோது, எப்போதோ பெயர் மாற்றிவிட்ட ஒரு கிளாஸின் பழைய பெயரும் டைப் ஃபீல்டில் உட்கார்ந்திருந்தது.