நெருப்பில்லாமலும் புகையும்

‘ஸ்மோக்கி’ (புகைமணம்), ‘வுட்டி’ (மரமணம்) என்ற அடைமொழிகளுடன் விற்கப்படும் வாசனைத் திரவியங்களின் குப்பிக்குள் புகை என்று ஒன்றும் கிடையாது; எத்தனாலும், அதில் கரைந்திருக்கும் நறுமணப் பொருள்களும் மட்டுமே உள்ளன. ஆயினும் அதை மணிக்கட்டில் தெளித்துக்கொண்டு அலுவலகத்துக்குப் புறப்படும் ஒருவருக்கு, விறகடுப்பில் வெந்நீர் கொதித்த பின்கட்டோ, எண்ணெய்க் குளியலுக்குப் பிறகு ஈரக் கூந்தலுக்குக் காட்டிய சாம்பிராணியோ, போகியன்று விடியலில் தெருவை மூடிய புகையோ, கேட்காமலேயே மனத்தில் வந்து நிற்கிறது. எரியாத ஒன்று எரிந்ததைப் போல மணப்பது எப்படி என்பது வேதியியலின் கேள்வி. அந்த மணம் மற்ற வயதுகளையெல்லாம் தாண்டிப் பிள்ளைப் பருவத்தையே தேடிப் போவது ஏன் என்பது நரம்பியலின் கேள்வி.

மரத்தின் உலர் எடையில் ஏறத்தாழ கால் பங்கு, லிக்னின் என்னும் பொருள். செல்லுலோஸ் இழைகளை இறுகப் பிணைத்து மரத்துக்கு விறைப்பைத் தருவது அதுதான். விறகு முழுமையாக எரிந்துவிட்டால் கரியமில வாயு, நீராவி, சாம்பல் என்று முடிந்துவிடும், அவற்றுக்கு மணமில்லை. காற்று போதாமல், கொழுந்துவிடாமல் கனன்று புகையும்போதுதான் லிக்னினின் பெரிய வலைப்பின்னல் வெப்பத்தில் உடைந்து, சிறுசிறு பீனால் மூலக்கூறுகளாகச் சிதறுகிறது. அவற்றுள் மூக்குக்கு முதன்மையானவை குவையகாலும் சிரிங்காலும். பைன் போன்ற ஊசியிலை மரங்களின் லிக்னின் பெரும்பாலும் குவையகால் வகையையே தருகிறது. வேம்பு, புளி, சீமைக் கருவேலம் போன்ற பூக்கும் மரங்கள் இரண்டையும் தருகின்றன. அடுப்பில் எரிவது என்ன விறகு என்பதை வாசலிலிருந்தே மோப்பத்தில் சொல்லிவிடுகிறவர்கள், தாம் அறியாமலேயே, இத்தகைய விகித வேறுபாடுகளைத்தான் படிக்கிறார்கள்.

குவையகாலின் அமைப்பு மிக எளியது: ஒரு பென்சீன் வளையம், அதில் ஒரு ஹைட்ராக்சில் தொகுதி, அதை அடுத்து ஒரு மெத்தாக்சி தொகுதி. ஹைட்ராக்சிலுக்கு நேர் எதிர்முனையில் மூன்று கார்பன் அணுக்கள் கொண்ட அல்லைல் தொகுதி வந்து சேர்ந்தால், அது கிராம்புக்கு மணம் தரும் யூஜெனால் ஆகிறது. அதே இடத்தில் ஆல்டிஹைடு தொகுதி சேர்ந்தால், அது வெனிலாவின் வெனிலின் ஆகிறது. கடைகளில் கிடைக்கும் வெனிலா எசன்ஸில் உள்ள வெனிலினில் பெரும்பகுதி, ஆலைகளில் குவையகாலிலிருந்தே தயாரிக்கப்படுகிறது. புகையும் ஐஸ்கிரீமும் பங்காளிகள் என்றால் பலர் நம்பமாட்டார்கள். ஆனால், சில புகைமணத் திரவியங்களின் அடியில் ஓர் இனிப்பு ஒளிந்திருப்பதை உணர்ந்தவர்களுக்கு இது வியப்பாக இராது. சாம்பிராணிப் பிசினிலும் சிறிதளவு வெனிலின் உண்டு.

ஆகவே, திரவியம் தயாரிப்பவர் புகையைப் பிடித்து அடைக்கவேண்டியதில்லை. புகையில் மூக்கு அடையாளம் காணும் சில மூலக்கூறுகளைச் சேர்த்தால் போதும். அதற்கு அவர் நாடுபவை, பிர்ச் மரப்பட்டையைக் காற்றுப் புகாமல் சூடாக்கி வடித்த தார், மத்தியதரைக் கடற்கரைகளில் வளரும் ஒருவகை ஜூனிபர் மரத்தின் தைலமாகிய ‘கேட்’ (cade) போன்றவை. இவற்றைக் கச்சாவாகப் பயன்படுத்துவதில்லை. புற்றுநோயை உண்டாக்கக்கூடிய பல்வளைய ஹைட்ரோகார்பன்கள் அவற்றில் இருப்பதால், தூய்மையாக்கப்பட்ட வடிவத்தையே சேர்க்கிறார்கள்.

மரமணத்துக்கு வருவோம். சந்தனத்தின் மணத்துக்கு அதன் வைரம் எனப்படும் நடுக்கட்டையில் உள்ள சந்தலால்கள் காரணம். வெட்டிவேர்த் தைலத்தில் இயல்பாகவே ஒரு புகைச்சாயல் உண்டு. ஜாவாவில் வடிக்கப்படும் தைலத்தில் அது தூக்கலாகவும், ஹைட்டித் தைலத்தில் மென்மையாகவும் இருக்கும். இவற்றுள் விசித்திரமானது அகில். நலமாக நிற்கும் அகில் மரத்தின் கட்டை வெளிறியது. சொல்லிக்கொள்ளும்படியான மணம் அதற்கில்லை. மரம் காயம்பட்டு, அந்த இடத்தில் பூஞ்சை புகுந்த பின், தன்னைக் காத்துக்கொள்வதற்காக மரம் சுரக்கும் கரிய பிசின்தான் மணக்கிறது. அந்தப் பிசினில் உள்ள குரோமோன் வகைப் பொருள்கள் குளிர்ந்த நிலையில் பெரும்பாலும் அடங்கியே இருந்து, தணலில் வைத்தவுடன் உடைந்து வாசனை மூலக்கூறுகளை வெளிவிடுகின்றன. கூந்தலுக்கு அகிற்புகை ஊட்டும் வழக்கத்தைப் பேசும் சங்கப் பாடல்களின் காலத்திலேயே, அகிலைப் பூசுவது வேறு, புகைப்பது வேறு என்பது தெரிந்திருக்கிறது.

இத்தகைய திரவியம் ஒன்றில் வெள்ளைக் காகிதப் பட்டை ஒன்றை நனைத்து, ஒரு முழுநாள் அவ்வப்போது முகர்ந்து பார்ப்பது நல்ல பயிற்சி. முதலில் ஆல்கஹாலின் சுரீரென்ற குளிர்ச்சியும், பெரும்பாலும் ஏதோ ஓர் எலுமிச்சை வகை மணமும் எழும். அவை அடங்கியபின் புகை வருகிறது. சற்றே மருந்துக்கடை நெடியுடன், மூக்கின் மேற்புறத்தில் லேசாகக் காந்தும் புகை. மாலையில் முகர்ந்தால் அந்தக் காரம் பெரிதும் போய்விட்டிருக்கும். உலர்ந்த மரத்தின் மணம் மட்டும் பட்டையை விடாமல் பற்றியிருக்கும். குவையகாலின் மூலக்கூற்று எடை 124, சந்தலாலுடையது 220. எடை மிகுந்த மூலக்கூறுகள் மெல்லவே ஆவியாகும் என்பதால், மரம் கடைசிவரை நிற்கிறது. வெதுவெதுப்பான தோலில் இந்த வரிசை விரைவாக ஓடிவிடும். துணியில் நிதானமாக நடக்கும். நேற்று உடுத்திய சட்டையில் புகையைவிட மரமே மிஞ்சியிருப்பதற்குக் காரணம் இதுவே.

இனி மூக்கு. நாசியின் கூரையில் உள்ள நரம்புசெல்களில் வாசனை மூலக்கூறுகளை உணரும் புரதங்களாகிய ஏற்பிகள் ஏறத்தாழ 400 வகை இருக்கின்றன. ஒரு செல்லில் பொதுவாக ஒரே வகை ஏற்பிதான் இருக்கும். அந்த ஏற்பிகளுக்கான மரபணுக் குடும்பத்தை 1991-இல் கண்டறிந்த லிண்டா பக், ரிச்சர்ட் ஆக்செல் இருவருக்கும் 2004-இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. ஒரு மூலக்கூறு பல ஏற்பிகளை வெவ்வேறு அளவில் தூண்டும். ஓர் ஏற்பி பல மூலக்கூறுகளுக்கு இணங்கும். ஆகவே மூளைக்குப் போய்ச் சேருவது கூட்டு வடிவம் ஒன்றே. தனித்தனிப் பொருள்களின் பட்டியல் போவதில்லை. மூளையின் வெளியடுக்காகிய புறணியில் அந்த வடிவத்தைப் படிக்கும் பகுதியான பைரிஃபார்ம் புறணிக்கு ஒரு திறமை உண்டு: பழகிய வடிவத்தின் ஒரு பகுதி வந்தாலே மீதியை அது நிரப்பிக்கொள்ளும். உண்மையான விறகுப் புகையில் இருக்கும் நூற்றுக்கணக்கான பொருள்களில் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலவே குப்பியில் இருந்தும் நமக்கு அது புகையாகத் தோன்றுவது இதனால்தான். பெயர்பெற்ற திரவியங்களின் வெற்றியில் பாதி, முகர்பவரின் மூளை செய்யும் வேலை என்றே எனக்குத் தோன்றுகிறது.

பார்வைச் செய்தியும் ஒலிச் செய்தியும் தலாமஸ் என்னும் இடைநிலையத்தைக் கடந்தே புறணியை அடைகின்றன. வாசனைச் செய்தியோ, மூளையின் அடிப்புறத்தில் உள்ள முகர்குமிழிலிருந்து நேராகப் பைரிஃபார்ம் புறணிக்கும், உணர்ச்சிகளோடு தொடர்புடைய அமிக்டலாவுக்கும் செல்கிறது. நிகழ்ச்சிகளைப் பதியும் ஹிப்போகாம்பஸ் அங்கிருந்து வெகு தொலைவில் இல்லை. ‘இது என்ன வாசனை?’ என்று பெயர் தேடி முடிப்பதற்கு முன்பே நெஞ்சு கனத்துவிடுவதற்கு இந்தக் குறுக்குப் பாதை ஒரு காரணம்.

சுவீடனில் முதியவர்களைக் கொண்டு நடத்தப்பட்டு 2006-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், சொற்களும் படங்களும் பெரும்பாலும் பதினொன்று முதல் இருபது வயதுவரையிலான நினைவுகளை எழுப்பின. வாசனைகளோ பத்து வயதுக்கு முந்தைய நினைவுகளை எழுப்பின. இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்தார் 2009-இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு ஒரு விளக்கம் தருகிறது. ஒரே பொருளை முதலில் ஒரு வாசனையுடனும் பின்னர் வேறொன்றுடனும் இணைத்துக் காட்டி, ஒரு வாரம் கழித்துப் பார்த்தபோது, முதல் இணைப்புக்கு ஹிப்போகாம்பஸ் தனிச் சலுகை அளித்திருந்தது. ஒலிகளுக்கு அந்தச் சலுகை இல்லை. புகையை நாம் முதலில் சந்திப்பது வீட்டில், பெரியவர்களின் இடுப்பில் இருக்கும் வயதில். பிர்ச் தாரால் பதப்படுத்தப்பட்ட தோல் காலணிகளுக்கு நடுவே வளர்ந்த ரஷ்யருக்கு, நமக்குச் சாம்பிராணியை நினைவூட்டும் அதே குப்பி வேறொரு வீட்டைத் திறந்துவிடும். இவ்வாறு எழும் நினைவுகள் உணர்ச்சி மிகுந்தவை என்பதை ஆய்வுகள் காட்டுகின்றன. மற்ற நினைவுகளைவிடத் துல்லியமானவை என்பதற்கு ஆதாரம் இல்லை.

தெளித்துக்கொண்டவருக்கே அந்த மணம் சில நிமிடங்களில் மறைந்துவிடுகிறது. தூண்டப்பட்ட நரம்புசெல்லுக்குள் புகும் கால்சியம் அந்தச் செல்லின் கூர்மையைக் குறைக்கிறது. மாறாமல் வந்துகொண்டிருக்கும் வடிவத்தைப் பைரிஃபார்ம் புறணியும் பொருட்படுத்துவதை நிறுத்திவிடுகிறது. வெளியே சென்று திரும்பி, கழற்றி மாட்டிய சட்டையை மறுபடி எடுக்கும்போது மணம் புதிதாக வந்து தாக்குவதும், எதிர்பாராத அந்த நொடியில் நினைவு பொங்குவதும் இதனால்தான்.

நெடுங்காலப் பழக்கத்தின் விளைவு வேறு. ஒரே தூண்டுகோல் பல நிகழ்ச்சிகளோடு இணைந்துவிட்டால், அவற்றுள் எதையும் தெளிவாக எழுப்ப முடியாமல் போகும் என்பது நினைவாற்றல் ஆய்வில் நன்கு நிறுவப்பட்டது. முதல் இணைப்புக்குச் சலுகை உண்டென்றாலும், நாள்தோறும் அதே திரவியத்துடன் பேருந்திலும் மின்தூக்கியிலும் கூட்ட அறையிலும் உட்கார்ந்திருந்தால், பாட்டி வீட்டுப் பின்கட்டுடன் அந்த இடங்களும் போட்டிக்கு வந்துவிடும். நினைவுக்காகவே ஒரு குப்பியை வாங்கியவர்கள் அதை எப்போதாவது, அதுவும் தோலில் அல்லாமல் துணியின் ஓரத்தில், சிறிதளவே தெளித்துக்கொள்வது நல்லது.