பிரதமருக்கு நாம் எப்போது வாக்களித்தோம்?

சிங்கப்பூரில் அதிபருக்கென்று வாக்குச்சீட்டு உண்டு, பிரதமருக்கென்று கிடையாது. சமூக மன்றத்தில் நான் உட்காரும் இலவசச் சட்ட ஆலோசனைக்கு வருகிறவர்கள், உயில், வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீடு, மணவிலக்கு என்று வந்த வேலை முடிந்ததும் எழுந்திருக்காமல் கேட்கும் கேள்விகளில் 'பிரதமருக்கு நாம் எப்போது வாக்களித்தோம்?' என்பதும் ஒன்று. கப்பல் பட்டறையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் தேர்தல் இல்லாமல் பிரதமர் மாறியது செல்லாது என்று கைப்பேசியில் யாரோ அனுப்பிய தகவலைக் காட்டினார். "தம்பி, 2024இல் தேர்தலே நடக்கவில்லையே, பிறகு எப்படிப் பிரதமர் மாறினார்? சட்டம் இதற்கு இடம் கொடுக்கிறதா?"

கொடுக்கிறது. அரசியல் சாசனத்தின் 25ஆம் பிரிவு சொல்வது இதுதான்: நாடாளுமன்ற உறுப்பினர்களில் பெரும்பான்மையோரின் நம்பிக்கையைப் பெறக்கூடியவர் என்று அதிபர் கருதும் ஓர் உறுப்பினரை அவர் பிரதமராக நியமிக்க வேண்டும். தேர்தலில் வென்ற கட்சியின் தலைவர்தான் பிரதமராக வேண்டும் என்று அதில் எங்கும் இல்லை. பதவி மாறும்போது புதிதாகத் தேர்தல் நடத்த வேண்டும் என்றும் இல்லை.

நடந்ததைப் பாருங்கள். கோ சோக் டோங் 1990 நவம்பரிலும், லீ சியன் லூங் 2004 ஆகஸ்டிலும், லாரன்ஸ் வோங் 2024 மே 15ஆம் தேதியும் பொறுப்பேற்றார்கள். மூன்றும் இரண்டு பொதுத் தேர்தல்களுக்கு நடுவே நடந்த மாற்றங்கள். பின்னைய இரண்டிலும் நியமித்த அதிபர்கள் எஸ்.ஆர். நாதனும் தர்மன் சண்முகரத்னமும் என்பதில் நம்மவர்களுக்கு ஒரு தனி மகிழ்ச்சி. இருக்கட்டும்.

லாரன்ஸ் வோங் மக்கள் செயல் கட்சியை வழிநடத்தும் தலைமைச் செயலாளரானது 2024 டிசம்பரில்தான். அதாவது, அரை ஆண்டுக்கும் மேலாக நாட்டின் பிரதமர் ஒருவர், ஆளுங்கட்சியின் தலைமைச் செயலாளர் வேறொருவர். சாசனம் இதைப் பொருட்படுத்துவதில்லை. 2022இல் கட்சிக்குள் நடந்த கருத்தறிதலில் 19 பேரில் 15 பேர் அவரை முதல் தெரிவாகச் சொன்னதும் கட்சியின் உள்விவகாரம். ஆனால் பிரதமர் யார் என்பது பெரும்பாலும் அங்கேதான் முடிவாகிறது. அதிபர் மாளிகையான இஸ்தானாவில் நாம் நேரலையில் பார்க்கும் பதவியேற்பு அதன் சட்டபூர்வமான வடிவம்.

அப்படியென்றால் நம் வாக்கு எங்கே போகிறது? 2025 மே 3ஆம் தேதி லாரன்ஸ் வோங்கின் அணிக்கு வாக்களிக்க முடிந்தவர்கள் பல உறுப்பினர்களை ஓர் அணியாகத் தேர்ந்தெடுக்கும் மார்சிலிங்-இயூ டீ குழுத்தொகுதியின் வாசிகள் மட்டுமே. வாக்களித்த மற்ற நாம் எல்லாரும், யார் பிரதமராக நீடிக்கலாம் என்று கைதூக்கப்போகும் உறுப்பினர்களைத் தேர்ந்தெடுத்தோம். அன்று ஆளுங்கட்சிக்கு 97இல் 87 இடங்கள் கிடைத்ததால் அதிபர் கணித்துப் பார்க்க ஒன்றுமில்லை. எந்தக் கட்சிக்கும் 49 கிடைக்காத ஒரு நாள் வந்தால்தான் 25ஆம் பிரிவின் அந்தக் 'கருதும்' என்ற சொல்லுக்கு உண்மையான வேலை வரும்.

இந்தக் கைதூக்கல் எவ்வளவு கனமானது என்பதற்கு 1961 ஜூலை சாட்சி. 1959இல் 51இல் 43 இடங்களை வென்ற மக்கள் செயல் கட்சி இரண்டே ஆண்டுகளில் உள்ளுக்குள் பிளந்துகொண்டது. அன்றைய பிரதமர் லீ குவான் இயூ தாமே நம்பிக்கைத் தீர்மானத்தைக் கொண்டுவந்தார். விவாதம் விடிய விடிய நீண்டது. மருத்துவமனையில் இருந்த சிக்லாப் உறுப்பினர் சகோரா பிந்தி அகமதை ஆம்புலன்சில் ஏற்றி, ஸ்ட்ரெச்சரில் சட்டமன்றத்துக்குக் கொண்டுவந்தார்கள். ஆதரவு 27, எதிர்ப்பு 8, வாக்களிக்காமல் ஒதுங்கியவர்கள் 16. ஆதரித்தவர்களில் இருவர் நழுவியிருந்தாலும் 51இல் பாதிக்கு மேல் அவர் பக்கம் இருந்திருக்காது. அத்தனைக்கும் அந்த வாரம் நாட்டில் பொதுத் தேர்தல் எதுவும் நடக்கவில்லை.

அதிபர் நினைத்தால் பிரதமரை நீக்கிவிடலாம் என்பது வாட்ஸ்அப்பில் உலவும் இன்னொரு கதை. பிரதமர் பெரும்பான்மையின் நம்பிக்கையை இழந்துவிட்டார் என்று அதிபருக்கு உறுதிப்பட்டால் மட்டுமே, 26ஆம் பிரிவின்கீழ் அந்தப் பதவி காலியாகிவிட்டதாக அவர் அறிவிக்கலாம். அதற்கும் முன்பாகப் பிரதமரிடம் தெரிவிக்க வேண்டும். அவர் கேட்டுக்கொண்டால், பதவியைப் பறிப்பதற்குப் பதிலாக நாடாளுமன்றத்தைக் கலைத்துத் தேர்தலுக்கு வழிவிடவும் அதிபருக்கு இடமுண்டு. தேர்தலில் நிற்காமல் நியமிக்கப்படும் நியமன உறுப்பினர்களுக்கு நம்பிக்கையில்லாத் தீர்மானத்தில் வாக்கு கிடையாது.

தமிழ்நாட்டிலிருந்து வந்து இங்கே குடியுரிமை பெற்றவர்கள் இந்திய நடைமுறையை மனத்தில் வைத்துக்கொண்டு கேட்பார்கள். 1996இல் தேவ கௌடா பிரதமரானபோது அவர் நாடாளுமன்றத்தின் எந்த அவையிலும் உறுப்பினர் இல்லை. ஆறு மாதத்துக்குள் உறுப்பினராகிவிட்டால் போதும் என்று அங்கே சட்டம் விட்டுக்கொடுக்கிறது, அவரும் மாநிலங்களவைக்குப் போனார். இங்கே அந்த அவகாசம் இல்லை. நியமிக்கப்படும்போதே உறுப்பினராக இருக்க வேண்டும். நாடாளுமன்றம் கலைக்கப்பட்டிருந்தால், கலைந்த மன்றத்தில் உறுப்பினராக இருந்தவரை நியமிக்கலாம்.

பெரியவருக்கு 25, 26 ஆகிய இரு பிரிவுகளையும் அச்சிட்டுக் கொடுத்தேன். ஒரு தாள்கூட முழுதாக நிரம்பவில்லை. அரசாங்கத்தின் சட்ட இணையத்தளத்தில் யார் வேண்டுமானாலும் இலவசமாகப் படிக்கலாம். அடுத்த முறை இப்படியொரு தகவல் வந்தால், எந்தப் பிரிவில் இருக்கிறது என்று அனுப்பியவரிடம் கேளுங்கள்.