பிளக் செருகிய பிறகு இடமிருக்குமா? கிட்டார் பெடலில் ஜாக் துளை போடும் முன்

கிட்டாரின் ஒலியை மாற்ற, காலால் மிதித்து இயக்கும் சிறு பெட்டிதான் எஃபெக்ட்ஸ் பெடல். அதைச் சொந்தமாகக் கட்டுகிறவர்கள் சர்க்யூட்டுக்காக வாரக்கணக்கில் மெனக்கெடுவார்கள். எந்த டிரான்சிஸ்டர், எந்த கெபாசிட்டர் என்று விவாதம் ஓயாது. கேபிளின் பிளக்கைச் செருகும் ஜாக் எங்கே வரவேண்டும் என்பதை மட்டும் டிரில்லைக் கையில் எடுத்த பிறகு யோசிப்பார்கள். மூடியைத் திறந்து வைத்தால் பாடுகிற பெடல் திருகை முடுக்கியதும் ஊமையாகிப் போவதற்கு, பெரும்பாலும் சர்க்யூட் காரணமல்ல. துளை போட்ட இடம்தான் காரணம்.

அளவு குறிக்கும்போது எல்லோரும் செய்கிற தவறு, துளையை மட்டும் வரைவது. 6.35 மி.மீ. ஜாக்கின் துளை வெறும் 9.5 மி.மீ.; பெயின்ட் தடிமனையும் சேர்த்து 10 மி.மீ. போட்டால் சரியாக உட்காரும். ஆனால் உள்ளே அது பிடிக்கும் இடம் வேறு கணக்கு. கிட்டார் பிளக்கின் கம்பி சுமார் 31 மி.மீ. நீளம். வெளியே நட்டு, வாஷர், டப்பாவின் சுவர் எல்லாம் போக, ஏறக்குறைய 25 மி.மீ. உள்ளே நுழையும். தகடுகள் உறையின்றி வெளியே தெரியும் திறந்த வகை ஜாக்காக இருந்தால், பிளக் நுழைந்ததும் நுனியைப் பிடிக்கும் ஸ்பிரிங் தகடு இன்னும் வெளிப்பக்கம் வளையும். ஆகவே காகிதத்தில் பிளக் செருகிய நிலையில் ஜாக்கை வரையுங்கள். தகடு விரியும் தூரத்தையும் சேர்த்து வரையுங்கள்.

அதிகம் புழங்கும் 1590பி என்ற மாடல் அலுமினிய டப்பாவை எடுத்துக்கொள்வோம். வெளி அளவு சுமார் 112 × 60 × 31 மி.மீ.; உள் அகலம் 56 சுற்றளவில் வரும். இரண்டு பக்கச் சுவர்களிலும் நேருக்கு நேர் ஜாக் வைத்தால் 25-ம் 25-ம் ஐம்பது. இரண்டு பிளக் நுனிகளுக்கும் நடுவே ஐந்தாறு மி.மீ.தான் மிச்சம். தகடு விரிந்தால் அதுவும் போய்விடும். 38 மி.மீ. அகலமே உள்ள 1590ஏ குட்டி டப்பாவில் நேருக்கு நேர் வைப்பது நடக்கவே நடக்காது. ஒன்றை மேலே (வாசிப்பவரின் காலிலிருந்து தள்ளிய பக்கம்), இன்னொன்றைக் குறைந்தது 20 மி.மீ. கீழே தள்ளித்தான் வைக்கவேண்டும்.

கீழே எவ்வளவு தூரம் இறக்கலாம் என்பதை காலால் மிதிக்கும் ஃபுட்ஸ்விட்ச் முடிவு செய்யும். அதற்கு வழக்கமாகப் போடும் 3பிடிடி வகை ஸ்விட்சின் உடம்பு 17 மி.மீ. சதுரத்துக்குச் சற்று அதிகம். 56 மி.மீ. அகலத்தின் நடுவில் அது உட்கார்ந்தால் இருபுறமும் 19 மி.மீ. மிஞ்சும். 25 மி.மீ. நீளும் பிளக் அதற்குள் அடங்காது. ஆக, ஸ்விட்சுக்குப் பக்கவாட்டில் ஜாக் கிடையாது. ஸ்விட்சின் மையத்திலிருந்து ஜாக்கின் மையம் குறைந்தது 30 மி.மீ. மேலே இருக்கட்டும். இன்னொரு லாபமும் உண்டு: மேடையில் அவசரமாக மிதிக்கும் ஷூ, பிளக்கின் தலையில் விழாது.

எது வலம், எது இடம்?

வாசிப்பவர் நின்று பார்க்கும் கோணத்தில் உள்ளீடு வலப்பக்கம், வெளியீடு இடப்பக்கம். வலக்கைக்காரரின் கிட்டாரில் கேபிள் அவருடைய வலப்புறம் தொங்குவதால் வந்த வழக்கம் இது. பாஸ் நிறுவனத்தின் 1977-ஆம் ஆண்டு ஓடி-1 முதல் இன்றைய பெடல்கள் வரை பெரும்பாலும் இப்படித்தான். சர்க்யூட் வரைபடமோ இடமிருந்து வலமாக ஓடும். பழக்க தோஷத்தில் பெடலையும் அதேபோலக் கட்டிவிடுகிறவர்கள் உண்டு. அந்தப் பெடல் தனியாக நன்றாகவே ஒலிக்கும். மற்றவற்றோடு வரிசையில் வைக்கும்போதுதான் கேபிள்கள் ஒன்றையொன்று குறுக்கே தாண்டும்.

இன்னொரு குழி: டப்பாவைக் கவிழ்த்து, பின்பக்கம் திறந்து வைத்து வயர் பற்றவைக்கும்போது வலமும் இடமும் மாறிவிடும். அப்போது உள்ளீடு உங்கள் இடக்கைப் பக்கம் இருக்கும். மாஸ்கிங் டேப்பில் 'உள்', 'வெளி' என்று எழுதி, டப்பாவின் வெளிச்சுவரில் ஒட்டிவிட்டு வேலையைத் தொடங்குங்கள். பேட்டரி போடும் பெடலில் இந்தக் குழப்பம் காசையும் தின்னும். உள்ளீட்டில் வைக்கும் ஸ்டீரியோ ஜாக்கின் (மூன்று முனை உள்ளது) நடு முனையில்தான் பேட்டரியின் மைனஸ் வயர் சேரும். கிட்டார் கேபிளின் மோனோ பிளக் (இரண்டே முனை) உள்ளே போனதும் அந்த முனையைக் கிரவுண்டோடு (சர்க்யூட்டின் பொது மைனஸ்) இணைத்து பேட்டரியை இயக்கும். அதை வெளியீட்டில் வைத்துவிட்டால், கிட்டாரைக் கழற்றினாலும் ஆம்ப் கேபிள் இருக்கும்வரை பேட்டரி கரைந்துகொண்டே இருக்கும்.

பக்கவாட்டு ஜாக்குகளை ஏற்ற இறக்கமாக வைப்பதால் வெளியிலும் பயன் உண்டு. பெடல்களை அடுக்கும் போர்டில் ஒரு பெடலின் வெளியீடு, அடுத்த பெடலின் உள்ளீட்டை நேராகப் பார்த்து நிற்கும். இரண்டும் ஒரே உயரத்தில் இருந்தால் தட்டையான எல்-வடிவ பிளக்குகள்கூட முட்டிக்கொள்ளும். ஒவ்வொன்றும் 12 முதல் 15 மி.மீ. தடிமன் என்றால் இடைவெளி 30 மி.மீ. வரை போகும். ஒன்று மேலும் ஒன்று கீழுமாக இருந்தால் ஒன்றை ஒன்று விலக்கி அடுத்தடுத்து உட்காரும். பாதி இடைவெளி போதும். ஆறு பெடலில் ஐந்து இடைவெளிகள், ஒவ்வொன்றிலும் 15 மி.மீ. மிச்சம் என்றால் மொத்தம் 75 மி.மீ.; இன்னொரு 1590பி பெடல் வைக்கும் இடம் அது. நீங்கள் கட்டும் எல்லாப் பெடல்களிலும் ஒரே ஏற்ற இறக்கத்தைப் பின்பற்றினால்தான் இது பலிக்கும்.

மேல்சுவரில் வைத்தால்?

ஜாக்குகளை எல்லாம் மேல்சுவருக்குக் கொண்டுபோனால் பெடல்களை ஒட்டி ஒட்டி அடுக்கலாம். புதிய யோசனை ஒன்றுமில்லை. 1966-இல் வந்த வட்டமான ஃபஸ் ஃபேஸ் பெடலிலேயே ஜாக்குகள் மேல்விளிம்பில்தான். ஆனால் 1590பி டப்பாவுக்கு இதைப் பரிந்துரைக்கமாட்டோம். மூடியின் திருகுகளைத் தாங்கும் மூலைத்தூண்கள் போக, மேல்சுவரில் சுமார் 40 மி.மீ.தான் மிஞ்சும். 20 மி.மீ. அகலமுள்ள திறந்த ஜாக் இரண்டு வைத்தாலே அது நிரம்பிவிடும். மின்சாரம் தரும் அடாப்டர் ஜாக் எங்கே போகும்? 125பி டப்பா சுமார் 66 மி.மீ. அகலமும் 39 மி.மீ. உயரமும் கொண்டது. அதில் ஒல்லியான மூடிய வகை ஜாக்குகள் இரண்டை வைத்து, நடுவில் சற்றே உயரமாக அடாப்டர் ஜாக்கை வைத்தால் முக்கோணமாகப் பொருந்தும். பேட்டரியை மறந்துவிடுங்கள். மேல்வரிசைக் குமிழ்களையும் கீழே இறக்கவேண்டி வரும். உள்ளே நீளும் பிளக் நுனிக்கும் குமிழின் அடியில் இருக்கும் பொட்டென்ஷியோமீட்டருக்கும் சண்டை வரக்கூடாதே.

இரைச்சல் விஷயத்தில் மேல்சுவர் ஜாக் வம்பு பிடித்தது. உள்ளீட்டு வயரும் வெளியீட்டு வயரும் டப்பாவின் தலையிலிருந்து கீழே ஃபுட்ஸ்விட்ச் வரை பக்கத்தில் பக்கத்தில் ஓடும். சாதாரண ஓவர்டிரைவில் பிரச்சினை வராது. கெயின் (ஒலியைப் பெருக்கும் அளவு) அதிகமுள்ள ஃபஸ், டிஸ்டார்ஷன் என்றால் வெளியீட்டின் ஒலி உள்ளீட்டுக்குள் கசிந்து, குமிழை முழுதாகத் திருப்பியதும் விசில் அடிக்கும். வயர்களை இரு ஓரச் சுவர்களையும் ஒட்டிக் கொண்டுபோங்கள். உள்ளீட்டுக்கு ஷீல்டு வயர் போட்டு, வலையை ஒரே முனையில் மட்டும் கிரவுண்ட் செய்யுங்கள். கெயின் அதிகமுள்ள பெடல் என்றால் பக்கவாட்டு ஜாக்கே நிம்மதி.

அடாப்டர் ஜாக் மேல்சுவரில் இருப்பதுதான் நல்லது. உள்ளீட்டு ஜாக்குக்கு அருகே பக்கச்சுவரில் வைத்தால் இரண்டு பிளக்குகளும் ஒரே இடத்துக்குப் போட்டியிடும். துளை 12 மி.மீ. வெளிப்பக்கம் நட்டு போடும் வகையை வாங்குங்கள். உள்பக்க நட்டு வகையைச் சுவரின் வெளியிலிருந்து நுழைத்து அதன்பிறகுதான் வயர் பற்றவைக்க முடியும். பழுது பார்க்க ஒவ்வொரு முறையும் வயரை எடுக்கவேண்டும். உலோக உடம்பு உள்ள ஜாக் கூடவே கூடாது. பெடல்களில் நடுமுனை மைனஸ் என்பதால் வெளிவளையம் பிளஸ். உலோக உடம்பு அதை அலுமினிய டப்பாவோடு சேர்த்து நேராக ஷார்ட் செய்துவிடும்.

கடைகளில் பி-38 என்று கேட்டால் கிடைக்கும் மலிவான திறந்த ஜாக்கில் தகடு சீக்கிரம் தளர்ந்துவிடும். ஸ்விட்ச்கிராஃப்ட் போன்ற கனமான தகடு உள்ளதற்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுப்பதில் நஷ்டமில்லை. திறந்த ஜாக் டப்பாவைத் தானே கிரவுண்ட் செய்யும். ஆனால் உள்பக்கம் பெயின்ட் இருந்தால் செய்யாது. துளையைச் சுற்றி 2 மி.மீ. சுரண்டிவிட்டு, ஜாக்குக்கும் சுவருக்கும் நடுவே பல் வாஷர் போடுங்கள். நட்டு தளர்ந்து ஜாக் சுழல்வதையும் அது தடுக்கும். சுழன்ற ஜாக்தான் வயரை அறுக்கும், தகட்டைச் சுவரில் உரசவைக்கும். பிளாஸ்டிக் உடம்பு ஜாக் இரண்டும் போட்டால் டப்பா கிரவுண்ட் ஆகாமலே போகலாம். தொட்டால் ஹம் என்ற இரைச்சல் மாறும். தனி வயர் ஒன்றைப் பெட்டிக்குப் போடவேண்டும்.

துளையின் உயரத்தை மேல்முகத்திலிருந்து அளக்காதீர்கள். வார்ப்பு டப்பாவின் ஓரங்கள் வளைந்தும் சுவர்கள் லேசாகச் சரிந்தும் இருக்கும். திறந்த விளிம்பிலிருந்து அளப்பதே துல்லியம். 1590பி-யில் ஏறக்குறைய 15 மி.மீ. சரியாக வரும். விளிம்புக்கு இன்னும் நெருங்கினால் மூடியின் உள்வரம்பு ஜாக்கில் இடிக்கும்; விலகினால் பொட்டென்ஷியோமீட்டர் மேல் நிற்கும் சர்க்யூட் போர்டு இடிக்கும். சென்டர் பஞ்ச், 3 மி.மீ. வழித்துளை, பிறகு படிப்படியாக அகலும் ஸ்டெப் டிரில் என்ற வரிசையில் போங்கள். நேராக 10 மி.மீ. டிரில்லை வைத்தால் சரிவில் வழுக்கி 1 மி.மீ. தள்ளித்தான் குடையும்.

எல்லாம் முடிந்ததும் இரண்டு ஜாக்கிலும் மறுமுனை எங்கும் இணைக்காத கேபிள்களைச் செருகி, பவர் இல்லாமல், பைபாஸ் நிலையில் (உள்ளீடு சர்க்யூட்டைத் தொடாமல் நேராக வெளியீட்டுக்குப் போகும் நிலை), மூடியைத் திருகி மூடிய பிறகு மல்டிமீட்டரை, இணைப்பு இருந்தால் பீப் அடிக்கும் நிலையில் எடுங்கள். ஒரு கேபிளின் நுனிக்கும் மற்ற கேபிளின் நுனிக்கும் பீப் வரவேண்டும். நுனிக்கும் டப்பாவுக்கும் வரக்கூடாது. வந்தால் மூடியைக் கழற்றி மறுபடி பாருங்கள். பீப் நின்றுவிட்டால் தகடு மூடியில்தான் தொடுகிறது. ஜாக்கைக் கால் சுற்று திருப்பி, மூடியின் உள்பக்கம் அந்த இடத்தில் இன்சுலேஷன் டேப் ஒட்டி, நட்டை மறுபடி முடுக்குங்கள்.