துண்டுச் சீட்டு வேறு, அரசு லாட்டரி வேறு: சட்டம் சொல்வது என்ன?

எங்கள் தெருமுனையில் இஸ்திரி போடும் அண்ணன் போன மாதம் சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்துக் காட்டினார். பஸ் டிக்கெட்டில் பாதி அளவு. நீல மையில் மூன்று எண்கள், ஓரத்தில் தேதி, கீழே ஒரு கிறுக்கல். "மூணு மணிக்கு கேரளா ரிசல்ட் வரும் தம்பி. முதல் பரிசோட கடைசி மூணு நம்பர் இதுவா இருந்தா பணம். கவர்மெண்ட் லாட்டரிதானே, ஏமாத்த மாட்டாங்க" என்றார்.

அந்தத் தாளை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தேன். எந்த மாநிலத்தின் பெயரும் இல்லை. முத்திரை இல்லை. விலை இல்லை, வரிசை எண்ணும் இல்லை. கேரள அரசுக்கும் இதற்கும் உள்ள ஒரே தொடர்பு, அங்கே வரும் முடிவை இங்கே யாரோ கடன் வாங்கிக்கொள்வதுதான். இப்படி நம்பி தினக்கூலியை விடுகிறவர்கள் தமிழ்நாட்டில் இன்னும் ஏராளம். அதனால்தான் அரசு லாட்டரி என்பது எந்த விதிகளின்படி நடக்கிறது என்று விவரமாக எழுதுகிறேன். விதி தெரிந்தால், கையில் இருப்பது லாட்டரியா வெறும் தாளா என்று பார்த்த உடனே சொல்லிவிடலாம்.

லாட்டரி நடத்தும் உரிமை இந்தியாவில் தனியாருக்குக் கிடையாது. அரசியலமைப்பின் ஏழாவது அட்டவணையில், மத்திய அரசோ மாநில அரசோ நடத்தும் லாட்டரி மத்தியப் பட்டியலில் 40-ஆவது இனமாக இருக்கிறது. அந்த அதிகாரத்தை வைத்து நாடாளுமன்றம் 1998-இல் லாட்டரிகள் ஒழுங்குமுறைச் சட்டத்தைக் கொண்டுவந்தது. அதன் 3-ஆவது பிரிவு, 4-ஆவது பிரிவின் நிபந்தனைகளுக்கு உட்படாத எந்த லாட்டரியையும் மாநில அரசு நடத்தக் கூடாது என்கிறது. ஆக, சட்டத்தின் உயிர் 4-ஆவது பிரிவில் இருக்கிறது.

அதில் முதல் நிபந்தனையே முக்கியமானது. முன்கூட்டியே அறிவித்த எண்ணுக்குப் பரிசு கூடாது. ஒற்றை இலக்கத்தை வைத்தும் பரிசு கூடாது. ஒற்றை இலக்கம் என்றால் பத்தில் ஒரு வாய்ப்பு. கைக்கு எட்டும் தூரத்தில் இருப்பதுபோல் தோன்றும், அதனால் திரும்பத் திரும்பக் கட்டத் தோன்றும். கூலியை அன்றன்றே காலி செய்வது இந்த மாதிரி ஆட்டம்தான் என்பதால் அதைச் சட்டம் வாசலிலேயே நிறுத்தியது.

அடுத்து, சீட்டை மாநில அரசுதான் அச்சிட வேண்டும். அரசின் பெயரும் சின்னமும் அதில் இருக்க வேண்டும், போலி இல்லை என்று உறுதி செய்யும் விதத்தில் அச்சு இருக்க வேண்டும். விற்பனையை அரசே செய்யலாம், விநியோகஸ்தர் அல்லது ஏஜெண்ட் வழியாகவும் செய்யலாம். ஆனால் வசூல் மாநிலத்தின் பொதுக் கணக்கில்தான் போய்ச் சேர வேண்டும். குலுக்கலை ஏஜெண்டிடம் விட முடியாது, அரசேதான் நடத்த வேண்டும், அதுவும் அந்த மாநில எல்லைக்குள். குறிப்பிட்ட காலத்துக்குள் யாரும் கேட்டு வராத பரிசுப் பணம் அரசுக்கே சொந்தம்.

இன்னொரு நிபந்தனை, ஒரு லாட்டரிக்கு வாரத்தில் ஒரு குலுக்கலுக்கு மேல் கூடாது. "கேரளாவில் தினமும் குலுக்குகிறார்களே?" என்று கேட்கலாம். அங்கே ஒவ்வொரு கிழமைக்கும் தனி லாட்டரி. செவ்வாய்க்கு ஸ்திரீசக்தி, வியாழனுக்குக் காருண்யா பிளஸ், சனிக்குக் காருண்யா என்று பெயரே வேறு. ஒவ்வொன்றும் வாரம் ஒருமுறைதான். பம்பர் குலுக்கல் ஆண்டுக்கு ஆறுக்கு மேல் போகக் கூடாது என்பதும் சட்டம். கேரளத்தின் பம்பர்களை எண்ணிப் பாருங்கள்: கிறிஸ்துமஸ்-புத்தாண்டு, கோடை, விஷு, மழைக்காலம், திருவோணம், பூஜை. சரியாக ஆறு.

2010-இல் மத்திய அரசு கூடுதலாக விதிகள் போட்டது. சீட்டின் விலை 2 ரூபாய்க்குக் குறையக் கூடாது, முதல் பரிசு 10,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது. ஒரு மாநிலம் எல்லா லாட்டரிகளையும் சேர்த்து ஒரு நாளில் 24 குலுக்கலுக்கு மேல் நடத்த முடியாது. இந்த 24 என்பதே அதிகம் என்பது என் கருத்து. காகித லாட்டரி மட்டும் நடத்தும் கேரளம், பம்பர் நாட்களைத் தவிர, நாளுக்கு ஒன்றோடு நிறுத்திக்கொண்டு நன்றாகவே ஓட்டுகிறது.

கேரளத்தின் குலுக்கல் திருவனந்தபுரத்தில் பேக்கரி ஜங்ஷன் பக்கம் உள்ள கோர்க்கி பவனில் நடக்கிறது. நடுவர் குழு உட்கார்ந்திருக்க, எண்கள் கொண்ட சக்கரங்கள் சுழன்று நிற்கின்றன. முதல் பரிசுக்குத் தொடர் எழுத்தும் ஆறு இலக்கமும் அப்படியே பொருந்த வேண்டும். சின்னப் பரிசுகள் கடைசி நான்கு இலக்கத்துக்கு. முடிவு அரசிதழில் வெளியாகும், செல்லுபடியாவது அந்தப் பட்டியல்தான். வாட்ஸ்அப்பில் வரும் படத்தை நம்பி சீட்டைக் கிழித்துப் போடக் கூடாது என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

சரி, தமிழ்நாட்டுக்கு வருவோம். இங்கேயும் அரசு லாட்டரி இருந்தது. 1968-இல் அண்ணா முதல்வராக இருந்தபோது தொடங்கினார்கள். "விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு" என்ற வாசகம் வயதானவர்களுக்கு இன்னும் நினைவிருக்கும். 2003 ஜனவரியில் ஜெயலலிதா அரசு லாட்டரி விற்பனையை மொத்தமாகத் தடை செய்தது. வெளி மாநிலச் சீட்டை மட்டும் தடுத்து, சொந்தச் சீட்டை விற்றுக்கொண்டிருக்க முடியாது. பிற மாநில லாட்டரிகளைத் தடை செய்ய 1998 சட்டத்தின் 5-ஆவது பிரிவு இடம் கொடுக்கிறது, ஆனால் தானும் லாட்டரி நடத்தாத மாநிலம்தான் அந்த உரிமையைப் பயன்படுத்த முடியும் என்று உச்ச நீதிமன்றம் 1999-இல் பி.ஆர். என்டர்பிரைசஸ் வழக்கில் தெளிவாக்கிவிட்டது.

அதனால் உண்மையான கேரளச் சீட்டாகவே இருந்தாலும், அதைத் தமிழ்நாட்டுக்குள் கொண்டுவந்து விற்பது குற்றம். மூணு நம்பர் துண்டுச் சீட்டு அதைவிட மோசம். அரசு அச்சிடவில்லை, பணம் அரசுக் கணக்குக்குப் போகவில்லை, பரிசு தர வேண்டிய அரசு என்று யாருமே இல்லை. நம்பர் விழுந்த அன்றைக்கு எழுதிக் கொடுத்தவர் ஊரைவிட்டுப் போனால் எந்த அலுவலகத்தில் போய்க் கேட்பது? அண்ணன் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லவில்லை. தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

பலருக்குத் தெரியாத ஒன்று, சட்டத்தின் 7-ஆவது பிரிவு. விதிமீறி நடக்கும் லாட்டரியின் சீட்டை விற்பவருக்கு மட்டுமல்ல, வாங்குபவருக்கும் தண்டனை உண்டு. இரண்டு ஆண்டு வரை கடுங்காவல், அல்லது அபராதம், அல்லது இரண்டும். பிணை மறுக்கக்கூடிய குற்றம் இது.

கேரளத்துக்குப் போனபோது அங்கேயே வாங்கிய சீட்டுக்குப் பரிசு விழுந்தால்? பணம் கிடைக்கும். 2023 திருவோணம் பம்பரின் முதல் பரிசு 25 கோடி தமிழ்நாட்டைச் சேர்ந்த நான்கு பேர் கூட்டாக வாங்கிய சீட்டுக்குத்தான் விழுந்தது. ஆனால் ஆன்லைனில் வாங்கிய சீட்டு என்று ஒன்று கிடையாது. கேரள லாட்டரி கையில் வாங்கும் காகிதம் மட்டுமே. "பணம் அனுப்புங்கள், சீட்டின் போட்டோ அனுப்புகிறோம்" என்று யார் சொன்னாலும் அந்த எண்ணைத் தடை செய்துவிடுங்கள். போட்டோவைக் காட்டிப் பரிசு வாங்க முடியாது, சீட்டை ஒப்படைத்தால்தான் பணம்.

சீட்டு கையில் இருப்பவருக்கே பரிசு என்பதால், வாங்கியதும் பின்பக்கத்தில் கையெழுத்து, பெயர், முகவரி எழுதிவிடுங்கள். தொலைந்துபோனால் இது ஒன்றுதான் உங்களுக்குத் துணை. கூட்டாக வாங்கினால் யார் யார் பங்கு என்று அன்றைக்கே ஒரு தாளில் எழுதி எல்லாரும் கையெழுத்துப் போடுங்கள். விழுந்த பிறகு எழுத உட்கார்ந்தால் நட்பு மிஞ்சாது. கிழிந்த, அழித்துத் திருத்திய சீட்டுக்குப் பணம் வராது, அதனால் பர்ஸில் நான்காக மடித்து வைக்காதீர்கள்.

கேரளத்தில் குலுக்கல் நடந்து 30 நாளுக்குள் சீட்டை ஒப்படைக்க வேண்டும். 5,000 ரூபாய் வரை ஏஜெண்டிடமே வாங்கிக்கொள்ளலாம். ஒரு லட்சம் வரை மாவட்ட லாட்டரி அலுவலகம். அதற்கு மேல் திருவனந்தபுரத்தில் உள்ள இயக்குநரகம், அல்லது வங்கி வழியாக அனுப்பலாம். விண்ணப்பம், சீட்டின் இரு பக்க நகல், சான்றொப்பமிட்ட புகைப்படம், ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டிய ரசீது, அடையாள அட்டை நகல் வேண்டும். வெளி மாநிலத்தவர் நோட்டரி சான்று வாங்கிப் போவது நல்லது.

அப்புறம் வரி. முதலில் சீட்டு வாங்கும்போதே வரி கட்டிவிடுகிறோம். 2020 மார்ச் முதல் லாட்டரிக்கு ஜிஎஸ்டி 28 சதவீதம், 2025 செப்டம்பர் 22 முதல் 40 சதவீதம். பரிசு விழுந்தால் வருமான வரி 30 சதவீதம். வேறு வருமானமே இல்லாதவருக்கும் இதில் விலக்கு வரம்பு கிடையாது, செலவுக் கழிவும் கிடையாது. பரிசு 10,000 ரூபாயைத் தாண்டினால் பிடித்துக்கொண்டுதான் தருவார்கள்.

25 கோடிக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். சீட்டை விற்ற ஏஜெண்டின் கமிஷன் 10 சதவீதம், இரண்டரைக் கோடி, பரிசிலிருந்தே போகும். மீதி 22.5 கோடியில் 30 சதவீதம், அதாவது 6.75 கோடி வரிப் பிடித்தம். வங்கிக்கு வருவது 15.75 கோடி. நிறையப் பேர் கணக்கு இங்கேயே முடிந்தது என்று நினைத்து வீடு, நிலம் என்று இறங்கிவிடுகிறார்கள். முடியவில்லை. ஐந்து கோடிக்கு மேல் வருமானம் என்பதால் அந்த வரியின் மேல் கூடுதல் வரி, புதிய வருமான வரி முறையில் 25 சதவீதம். அதற்கும் மேல் 4 சதவீத செஸ். இந்த இரண்டும் சேர்ந்து இரண்டு கோடிக்கு மேல் வரும், அதைப் பரிசு பெற்றவர் பின்னால் தானே கட்ட வேண்டும். கடைசியில் நிற்பது ஏறத்தாழ 13 கோடியே 72 லட்சம். பழைய வரி முறையில் இருப்பவருக்குக் கூடுதல் வரி 37 சதவீதம், கையில் நிற்பது இன்னும் குறையும். பணம் வங்கிக்கு வந்த வாரமே ஒரு ஆடிட்டரைப் பார்த்து, அந்த இரண்டு கோடியைத் தனியாக எடுத்து வைத்துவிடுங்கள்.